படகு கவிழும் அட்டை

நான் செய்த பலகை ஆட்டத்தில் முதல் மூன்று வாரம் ஒருவர்கூட ஜெயிக்கவில்லை. அதற்காக நான் கவலைப்படவில்லை. ஆட்டத்தில் தோற்பது பிழை அல்ல. எதனால் தோற்றோம் என்று தெரியாமல் எழுந்து போவதுதான் பிழை. பதினான்கு வருடமாகச் சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு நிறுவனத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிறேன். அடுத்தவர் செய்த பொருள் எந்த இடத்தில் உடையும் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் நானே ஒன்றைச் செய்தபோது, அது உடையுமே என்ற பயம் எனக்கு வரவில்லை. உடையத்தான் போகிறது, சீக்கிரம் உடையட்டும் என்றுதான் நினைத்தேன்.

கேளம்பாக்கத்தில் எங்கள் வீடு நாலாவது மாடியில். என் கணவர் ஜங்ஷன் அருகே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடையைப் பூட்டிவிட்டு வருவார். என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவரும் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார். அவர் எண்களில் வாழ்கிறவர். வெளிநாட்டிலிருந்து வந்த பலகை ஆட்டங்களை அவர்தான் எங்களுக்கு அறிமுகம் செய்தார். எல்லாவற்றிலும் ரயில் பாதை போட வேண்டும், அல்லது பார்லி பயிரிட வேண்டும். ஒருநாள் நான் சொன்னேன், "இதைவிட நல்லதா நான் ஒண்ணு செய்வேன்." அவர் சிரித்தார். மறுநாளே ஒரு பெரிய அட்டையை வாங்கி வந்து கட்டம் போட ஆரம்பித்தேன்.

என் ஆட்டம் கடலைப் பற்றியது. கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் மதுராந்தகம் பக்கத்தில் நெல் போடும் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் ஏரி, ஏரி என்றால் மதகு, மதகைத் திறந்தால் வயல். கடலுக்கு மதகு கிடையாது என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. ஆட்டத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி எங்கே கிடைக்கும்?

விதிகள் அதிகம் இல்லை. பலகையின் கீழ் விளிம்பு கரை. மற்ற கட்டங்கள் எல்லாம் கடல். நான்கு பேர், நான்கு படகு, எல்லோரும் ஒரே கட்சி. உங்கள் முறை வரும்போது படகை நகர்த்தலாம், அல்லது வலை போடலாம். நகர்த்தினால் டீசல் குறையும். அதன்பின் கடலில் என்ன ஆகிறது என்று சொல்லும் அட்டைக் கட்டில் மேலே இருப்பதை எடுத்துத் திருப்ப வேண்டும்; கரையில் நிற்கிற படகை மட்டும் அது ஒன்றும் செய்யாது. காற்று வரலாம், நீரோட்டம் வரலாம், வலை கிழியலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம். அந்தக் கட்டில் ஒரே ஓர் அட்டை மட்டும் படகு கவிழும் அட்டை. அது யாருக்கு வருகிறதோ அவர் ஆட்டத்திலிருந்து வெளியே போக வேண்டும். அட்டைகள் தீர்வதற்குள் நாற்பது கூடை மீனைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தால் எல்லோருக்கும் வெற்றி.

முதலில் ஒரு படகுக்கு டீசலாகப் பத்து மரக்கட்டைத் துண்டு கொடுத்தேன். மூன்று வாரமும் எல்லோரும் நடுக்கடலில் நின்றார்கள். "இது ஆட்டமா, தண்டனையா?" என்றார் என் கணவர். பதினான்காக ஏற்றினேன். அடுத்த ஞாயிறு மூன்று முறை ஆடினோம், மூன்று முறையும் வெற்றி. மூன்றாவதில் நண்பர் கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவியை நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். டீசலைப் பன்னிரண்டாக்கினேன். அட்டைகள் தீர்ந்தால் கலைத்து மறுபடி அடுக்கிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் கொடுத்தேன். கூடவே வானம் பார்ப்பதற்கு வழி வேண்டும் என்று அட்டைகளின் முதுகில் இரண்டு நிறம் பூசினேன். வெள்ளை முதுகு என்றால் பெரும்பாலும் நல்லது. கறுப்பு முதுகு என்றால் உள்ளே கெட்டது இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது ஆட்டம் ஓடியது. ஆனால் இன்னொரு தொல்லை. நண்பர் கணக்குப் போட்டு எல்லோருடைய படகையும் அவரே ஓட்ட ஆரம்பித்துவிட்டார். "நீங்க ரெண்டு கட்டம் மேல போங்க. நீங்க அங்கியே நில்லுங்க." நாலு தடவை பொறுத்துப் பார்த்த என் கணவர், "அப்ப நான் எதுக்கு இங்க ஒக்காந்திருக்கேன்? எனக்கும் சேத்து நீங்களே ஆடிடுங்க, நான் போய்த் தூங்குறேன்" என்று எழுந்துவிட்டார். நிஜமாகவே போய்த் தூங்கினார்.

நாலாவது ஆளாக அதுவரை யாரும் நிலையாக வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருமுறை வந்து, மறுமுறை மரியாதையாக நழுவினார்கள். அந்த இடத்துக்கு ஓர் ஆள் வந்த கதை இப்படி.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு அக்கா மொபெட்டில் மீன் கொண்டு வருவார். எங்கள் குடியிருப்பு முழுக்க அவருக்கு வாடிக்கை. என் வயதுதான் இருக்கும், ஆனால் அவரை அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. அன்று அவர் விற்று முடித்துவிட்டு, கடைசியாக என் வீட்டில் தண்ணீர் கேட்டார். சாப்பாட்டு மேசையில் பலகை விரித்திருந்தது.

"இன்னா மா இது? கேரம் போர்டா?"

"இல்லக்கா. கடலுக்குப் போற ஆட்டம். நானே செஞ்சது."

அவர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு வலை போடும்போது எடுக்கும் மீன் அட்டைகளில் ஒன்றைக் கையில் எடுத்தார். நான் வரைந்த படம். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது இன்னா மீனு?"

"வஞ்சிரம்."

"வஞ்சிரமா? கீழ எழுதிகீற, அதனால சொல்ற. இந்த வாலு வஞ்சிரத்துக்கு எங்க மா கீது?"

அன்று மதியம் அவரை உட்காரவைத்து ஒவ்வொரு மீனையும் திருத்தி வரைந்தேன். அதற்குள் கணவரும் நண்பரும் வந்துவிட்டார்கள். நான்கு பேர் ஆகிவிட்டோம். "ஒரு தடவ ஆடிப் பாருங்கக்கா" என்றேன். விதிகளை ஒரே முறைதான் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

மேலே கறுப்பு முதுகு இருந்தது. அவர் முறை. படகை நகர்த்தவே இல்லை. அடுத்த சுற்றிலும் கறுப்பு. அப்போதும் நகர்த்தவில்லை. வெள்ளை வந்தபோது இரண்டு கட்டம் போனார், அடுத்த வெள்ளைக்கு வலை போட்டார். மறுபடி கறுப்பைப் பார்த்ததும் கரைக்குத் திரும்பினார். நண்பர் பொறுமை இழந்து, "நாலு கட்டம் மேல போங்கக்கா, அங்கதான் மீன் அதிகம்" என்றார்.

"நீ போ. நான் வரல."

அவர் சொன்ன விதத்தில் மறுபேச்சுக்கு இடமே இல்லை. சிறிது நேரத்தில் நாங்களும் அவர் மாதிரியே ஆட ஆரம்பித்தோம். ஒன்றரை மணி நேரம் ஆனது. அட்டைக் கட்டை இரண்டு முறை கலைத்து அடுக்கினோம். நாற்பது கூடையும் கரை சேர்ந்தது. ஒரு படகுக்கும் ஒரு கீறலும் இல்லை.

"ஜெயிச்சிட்டமா?" என்று கேட்டார் அக்கா.

"ஜெயிச்சாச்சு."

"இதுல இன்னா மா கீது? நல்லா கீறப்போ போவணும், இல்லனா வூட்ல கெடக்கணும். இது யாருக்குத் தெரியாது?"

நண்பர் தன் செல்போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தார். இத்தனை வாரம் அவர் போட்ட கணக்கில் இந்த வழி வரவே இல்லை, ஏனென்றால் படகை எடுக்காமல் இருப்பதும் ஓர் ஆட்டம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான். ஆனால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் ஆட்டத்தை ஒருவர் உடைத்துவிட்டார், அதுவும் முதல் ஆட்டத்திலேயே. என் அலுவலகத்தில் இப்படி ஓர் ஆள் கிடைத்தால் விடவே மாட்டேன்.

"அக்கா, நெஜத்துல இப்டி எத்தன நாள் கரையில இருப்பீங்க?"

"அது எப்டி மா முடியும்? ஒருநாளு இருப்போம், ரெண்டு நாளு இருப்போம். அப்பால அடுப்பு எரியணும் இல்ல?"

விதி கிடைத்துவிட்டது. ஒரு படகு ஒரு சுற்று முழுக்கக் கரையிலேயே நின்றால், அந்த வீட்டு அடுப்புக்காகக் கரையில் இருக்கும் மீனிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் இரண்டு கூடை என்று வைத்துப் பார்த்தேன், எல்லோரும் பயந்துபோய்ப் புயலிலும் கடலுக்குப் போனார்கள். ஒரு கூடை என்று குறைத்தேன். அப்போதுதான் கறுப்பு முதுகைப் பார்த்து ஒவ்வொருவரும் யோசிக்க ஆரம்பித்தார்கள். அட்டைகளைக் கலைத்து அடுக்கும் சலுகையையும் எடுத்துவிட்டேன். கணவர் தூங்கப் போவதை நிறுத்தினார். ஏனென்றால் இன்னொருவர் வீட்டு அடுப்புக்காக எவ்வளவு பொறுக்கலாம் என்று நண்பரால் சொல்ல முடியவில்லை. அது அவரவர் பயத்தைப் பொறுத்தது.

அக்கா அதன்பின் ஞாயிறுதோறும் மீன் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போனார். ஒருநாள் சொன்னார்: "எங்க வூட்டுக்காரரு இத்தப் பாத்தா சும்மா வுட மாட்டாரு மா. ஒருநாளு எட்துகினு வா. அவுரு இன்னா சொல்றாருனு பாக்கலாம்."

நானும் நண்பரும் பலகையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போனோம். கணவருக்கு அன்று கடையை மூட முடியவில்லை. பழைய டச்சுக் கோட்டையின் சுவரைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் வலை பின்னும் கூடம் ஒன்று இருக்கிறது. தகரக் கூரை, சிமெண்ட் தரை. அங்கே பலகையை விரித்தோம். காற்று பலகையைத் தூக்கியது. அக்கா பழைய வலையிலிருந்து நாலு ஈயக் குண்டுகளைக் கழற்றி மூலைக்கு ஒன்றாக வைத்தார்.

அக்காவின் கணவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அதிகம் பேச மாட்டார். நான் விதி சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் பலகையையே பார்த்தார். ஒரே கேள்வி கேட்டார்.

"இது எந்த மாசம்?"

"மாசம்னு ஒண்ணும் வைக்கலண்ணா."

"சரி."

அந்தச் சரியில் எனக்குப் பத்து மதிப்பெண் குறைந்தது தெரிந்தது.

நன்றாக ஆடினார். அவசரப்படவில்லை, தயங்கவும் இல்லை. ஐந்தாவது சுற்றில் அவர் திருப்பிய அட்டை படகு கவிழும் அட்டை.

"அண்ணா அவுட்" என்றார் நண்பர். அவருடைய மரப் படகை எடுத்துப் பெட்டியில் போட்டார். அடுத்து நண்பரின் முறை, அவர் வலை போட்டார். அடுத்து என் முறை. எனக்கு மூன்று கூடை கிடைத்தது. சந்தோஷமாக எண்ணிப் படகில் அடுக்கினேன். நிமிர்ந்து பார்த்தபோது அக்காவின் கணவர் எழுந்து, கூடத்தை விட்டு இறங்கி, மணலில் நிறுத்தியிருந்த படகுகள் பக்கம் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னக்கா ஆச்சு?"

அக்கா தன் முறை வந்தும் படகைத் தொடவில்லை. "அவுருக்கு ஒருவாட்டி கவுந்துச்சு மா. எட்டு வருசம் ஆவுது. கூடப் போனவன் அவனா நீந்திக் கரைக்கு வந்துட்டான். இவுரு படகப் புடிச்சிகினே கெடந்தாரு, விடியிற வரிக்கும்."

எனக்கு உடம்பு கூசியது. ஒரு மனிதர் விடிய விடியத் தண்ணீரில் கிடந்ததை நான் ஓர் அட்டையில் எழுதி, பெட்டிக்குள் போட்டு மூடியிருக்கிறேன். நண்பர் என்னிடம் மெதுவாக, "அந்த அட்டைய எடுத்துடலாம். ஒருத்தரை ஆட்டத்துலேர்ந்து வெளிய அனுப்புறதே தப்பு, நான் மொதல்லயே சொன்னேன்" என்றார். சொல்லியிருந்தார்தான். வெளியே போனவர் மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பது எந்த ஆட்டத்துக்கும் நல்லதல்ல. ஆனால் ஆபத்தே இல்லாத கடலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அட்டை இல்லாவிட்டால் கறுப்பு முதுகுக்கு மரியாதை இல்லை.

பத்து நிமிடத்தில் அவர் திரும்பி வந்தார். கையில் ஒரு பை நிறையச் சூடான டீ, நாலு காகித டம்ளர். டீயை ஊற்றி ஆளுக்கொன்று கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நான் தண்ணில கெடக்கறன். இவுரு பாட்டுக்கு வலை வுட்டுகினு கீறாரு. நீ மூணு கூடை புட்ச்சி அடுக்குற. இன்னா ஆட்டம் மா இது?"

"தப்புதாண்ணா. அந்த அட்டையை எடுத்துடறேன்."

"அட்ட இன்னா பண்ணுச்சு உன்ன? படகுன்னா கவுரத்தான் செய்யும். யாரும் தேடி வரலியே, அத்தச் சொல்றன்." டீயை ஒரு மடக்குக் குடித்தார். "அன்னிக்கு ஏழு படகு வந்துச்சு. வலை போட்டுகினு இருந்தவங்க. வலைய இழுத்து ஏத்திகினு வந்தா நேரம் ஆயிடும்னு அறுத்து வுட்டுட்டு வந்தானுங்க. ஒவ்வொரு வலையும் எவ்ளோ நாளு பின்னுனது தெரியுமா? அப்புறம் வூட்ல இன்னா பதில் சொல்றதுன்னு ஒருத்தனாச்சும் நெனச்சானா?"

நண்பர் தன் டீயைக் கையில் வைத்தபடி, பெட்டிக்குள் போட்ட மரப் படகை எடுத்து அது கவிழ்ந்த கட்டத்திலேயே திரும்ப வைத்தார். படுக்க வைத்தார்.

நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன். கவிழ்ந்த படகு எந்தப் பக்கம் போகும்? எவ்வளவு வேகத்தில்? நீந்தி வந்துவிட முடியாதா? அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அன்று தண்ணீர் வடக்கே ஓடியது என்றார். படகை விட்டுப் போகக்கூடாது என்றார். தேடுகிறவன் கண்ணுக்கு மனுசன் தலை தெரியாது, படகு தெரியும் என்றார். "அவன் நீந்துனான், தப்பிச்சான். அது அவன் நேரம். நானும் நீந்தியிருந்தா போயிருப்பன்." இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கவே இல்லை. பலகையில் கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். எனக்கிருந்த கூச்சம் அந்த நேரத்தில்தான் போனது.

புதிய விதியை அன்று சாயங்காலமே எழுதினேன். கவிழ்ந்தவர் வெளியேற மாட்டார். அவர் படகோடு வடக்கே, அதாவது பலகையின் இடது ஓரத்தை நோக்கி மிதப்பார். ஓரத்தைத் தாண்டினால் காணாமல் போனதாக அர்த்தம். படகைப் பிடித்துக்கொண்டு இருப்பதா, விட்டுவிட்டு நீந்துவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீந்தினால் கரையை நோக்கிப் போகலாம், ஆனால் கறுப்பு அட்டை வந்தால் அவ்வளவுதான். மற்றவர்கள் தேடிப் போகலாம். போகிறவர் வலையை இழக்க வேண்டும். வேறு வலைக்குக் கரைக்குத்தான் வர வேண்டும்.

விதி சரி. எண்தான் படுத்தியது. சுற்றுக்கு ஒரு கட்டம் மிதந்தால், யார் வேண்டுமானாலும் தங்கள் மீன்பிடியை முடித்துவிட்டுச் சாவகாசமாகப் போய்த் தூக்கி வந்தார்கள். இரண்டு கட்டம் மிதந்தால் எவ்வளவு வேகமாகப் போனாலும் பிடிக்க முடியவில்லை, அதனால் யாரும் போகவே இல்லை. நண்பர் மூன்று பக்கத்துக்குக் கணக்குப் போட்டு அனுப்பினார். ஒன்றரைக் கட்டம் என்று வந்தது. "அரைக் கட்டத்துக்கு எங்க போறது?" என்று அவருக்குப் பதில் அனுப்பினேன்.

ஒரு புதன்கிழமை காலை. சிறுசேரி போகும் ஷேர் ஆட்டோவில் ஏழு பேரோடு நெருக்கி உட்கார்ந்திருந்தேன். ஏறும்போது ஓட்டுநர் ஒரு பெண்ணுக்காகக் காத்திருந்தார். அந்தப் பெண் ஓடி வந்து ஏறினாள். இரண்டு நிமிடத் தாமதம். அந்த இரண்டு நிமிடத்தில் சிக்னல் விழுந்துவிட்டது. சிக்னல் விழுந்ததில் கம்பெனிப் பேருந்துகள் முன்னால் வந்து அடைத்துவிட்டன. கடைசியில் இருபது நிமிடம் தாமதம். ஆட்டோவில் எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள். நான் போனை எடுத்து எழுதினேன்: முதல் சுற்றில் ஒரு கட்டம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. உடனே கிளம்புகிறவருக்குச் சுலபம், ஒரு சுற்று யோசிக்கிறவருக்குக் கஷ்டம், இரண்டு சுற்று யோசித்தால் முடியாது. சரியாக வரும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரிந்ததை நம்பி விட்டுவிடுவது என் தொழிலுக்கு அழகல்ல. அந்த வாரம் முழுக்கச் சாப்பிட்டு முடித்த மேசையில் நான்கு படகையும் நானே ஓட்டிப் பார்த்தேன். எண் சரியாகவே வந்தது.

மறுபடி சதுரங்கப்பட்டினம் போனோம். அதே கூடம், அதே நான்கு பேர். இந்த முறை வேடிக்கை பார்க்க வலை பின்னுகிறவர்கள் சிலரும் சுற்றி நின்றார்கள்.

ஆட்டம் அழகாகப் போனது. கரையில் முப்பத்தேழு கூடை. இன்னும் எட்டு அட்டைகள்தான் பாக்கி, அதாவது இரண்டு சுற்று. என் படகில் நான்கு கூடை இருந்தது. இரண்டு சுற்றில் நேராக வந்தால் கரை. மூன்று கூடை போதும், வெற்றி. அடுத்த அட்டையை நண்பர் திருப்பினார். அவர் படகு கவிழ்ந்தது.

அவர் வடக்கு ஓரத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்தார். மூன்று கட்டம்தான். முதல் சுற்றில் ஒன்று போவார், அடுத்ததில் இரண்டு, பிறகு பலகையில் இருக்க மாட்டார். அக்காவின் படகு கரையருகே. அவர் கணவரின் படகு தெற்கே கடைசியில். எட்டும் தூரத்தில் இருந்தது நான் ஒருத்திதான்.

நண்பர் பலகையை ஒரு நொடிதான் பார்த்தார். "என்னை விட்டுடுங்க. நீங்க கரைக்குப் போங்க. விதிப்படி நாப்பது வந்தா வெற்றி. ஆள் கணக்கு விதில இல்ல."

உண்மை. நான் எழுதிய விதிதான். அதில் ஆள் கணக்கு இல்லை. சுற்றி நின்றவர்கள் பலகைப் பக்கம் குனிந்தார்கள்.

"போயிடுவியா மா?" என்றார் அக்கா. கோபமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

எனக்கு ஜெயிக்க வேண்டும் என்று நன்றாகவே ஆசை இருந்தது. இத்தனை மாதம் உழைத்த ஆட்டம், அது பிறந்த கரையில், இத்தனை பேர் முன்னால் ஜெயித்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு என் வலைக் கட்டையை எடுத்துப் பெட்டியில் போட்டேன். படகை வடக்கே திருப்பினேன். அடுத்த சுற்றில் அவரை எட்டிப் பிடித்து, படுத்திருந்த மரப் படகைத் தூக்கி என் படகின் பக்கத்தில் வைத்தேன். கடைசி அட்டை தீர்ந்தபோது நாங்கள் இருவரும் நடுக்கடலில் இருந்தோம். கரையில் முப்பத்தேழு கூடை. தோற்றோம்.

சுற்றி நின்றவர்களில் ஒருவர் கை தட்டினார், எதற்கென்று தெரியவில்லை. நண்பர் கணக்குப் பார்க்கப் போனை எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "கண்டிப்பா ஜெயிச்சிருப்பீங்க" என்றார். உடனே வேலைக்கு வந்துவிட்டார். "இதுல ஒரு ஓட்டை இருக்கு. ஒருத்தர் காணாமப் போயிட்டா எல்லாருக்கும் தோல்வின்னு ஒரு வரி எழுதிடுங்க. சுத்தமாயிடும்."

நானும் அதைத்தான் நினைத்தேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"எழுதாத" என்றார் அக்காவின் கணவர்.

"ஏண்ணா?"

"எழுதிட்டா, தோத்துடுவோம்னு வருவான். இவரத் தூக்க வரமாட்டான். அன்னிக்கு வந்த ஏழு படகுக்கு எவன் சட்டம் போட்டான்? வராம இருந்தா எவனும் கேட்டிருக்க மாட்டான். வந்தாங்க."

நண்பர் விடவில்லை. விதியில் ஓட்டை இருந்தால் ஆடுகிறவர்கள் அதை வழியாக ஆக்கிக்கொள்வார்கள் என்றார். ஒரு விதத்தில் அது நான் தினமும் அலுவலகத்தில் சொல்வது. இருவரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். அக்கா நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஆட்டம் அவுங்களுது, அவுங்க சொல்லட்டும்" என்று என்னைக் காட்டினார்.

நான் பேனாவை மூடினேன். கஷ்டத்தைச் சரிசெய்வது என் வேலை: எவ்வளவு டீசல், எத்தனை கட்டம், எத்தனை கூடை. ஆட வந்தவரின் மனதையும் நானே முன்கூட்டி முடிவு செய்துவிட்டால் அவருக்கு மிச்சம் என்ன இருக்கிறது? அப்படி ஆடுவதற்கு நண்பர் ஒருவரே எல்லோர் படகையும் ஓட்டிய அந்தப் பழைய ஞாயிறுகளே போதும். "எழுதப் போறதில்ல. இப்படியே இருக்கட்டும்" என்றேன். நண்பர் இன்றுவரை அது தப்பு என்கிறார். ஆனால் அன்று அடுத்த ஆட்டத்துக்கு அட்டைகளைக் கலைத்து அடுக்கியவர் அவர்தான்.

ஆட்டத்தை இப்போது செங்கல்பட்டில் ஓர் அச்சகத்தில் சின்ன எண்ணிக்கையில் பெட்டி போட்டிருக்கிறோம். விதிகள் ஒரே தாளில் அடங்கும். மாதமும் சேர்த்தாகிவிட்டது; தொடங்கும்போது ஐப்பசியா பங்குனியா என்று எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கேற்பக் கறுப்பு அட்டைகள் கூடும் குறையும். மீன் படங்கள் எல்லாம் அக்கா ஒப்புக்கொண்டவை. திருக்கையின் வாலில் மட்டும் அவருக்கு இன்னும் திருப்தி இல்லை.

சில வாரங்களுக்கு முன்பு செங்கல்பட்டிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். கடையில் பெட்டியை வாங்கியவர். பெட்டியில் இருந்த எண்ணைப் பார்த்து அழைத்திருக்கிறார். குரலில் வழக்குத் தொடுக்க வந்தவரின் தீவிரம்.

"மேடம், எங்க வீட்ல ஒரு சந்தேகம். நேத்து ஆடினோம். என் படகு கவுந்து மிதந்துட்டு இருந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்துக் கட்டத்துலதான் இருந்தார். வரல. நாப்பது கூடை கரையில சேத்துட்டு ஜெயிச்சிட்டோம்ங்கறார். நீங்களே சொல்லுங்க. அது வெற்றியா?"

"வெற்றிதாங்க. விதில அப்டிதான் இருக்கு."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. "வெற்றிதானாம்."

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் ஏதோ முணுமுணுத்தது. அவர் திரும்ப வந்தார்.

"சரி மேடம், தேங்க்ஸ். அவருக்குக் காலையிலேர்ந்து இதே பேச்சு. இன்னொரு தடவ ஆடலாம், இன்னொரு தடவ ஆடலாம்னு மூணு வாட்டி கூப்பிட்டுட்டார்."

"ஆடுங்க" என்றேன்.

"யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடியே போனை வைத்தார்.